ஏழு பெரிய மனிதர்களும் ஒரு குல்சும் பீவியும்

அத்தியாயம் 14

திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். நாத்தனார் படிப்பு விஷயத்தில் அண்ணிக்காரி வீரம்மாள் இப்படி மூக்கை நுழைக்கலாமா, புருஷனும் மாமனாரும் இருக்கிற வீட்டில் இவளுக்கு என்ன வந்தது என்று கேட்கிறார். அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இந்த வாரம் நடந்ததைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்போதும் திட்டத் தோன்றினால் என்னைத் திட்டுங்கள், வீரம்மாளை விட்டுவிடுங்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

கதையை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் தாண்டவராயனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கோதண்டபாணி, விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். அவன் பெண்டாட்டிதான் வீரம்மாள், வானூர்ப் பெண். இளையவள் கிருஷ்ணவேணி. கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் திண்டிவனம் போய்ப் படித்து எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கியவள்.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு பி.யு.சி. படிக்க அவள் மனுப் போட்டிருந்தாள். போன வாரம் பதில் வந்தது. மார்க் போதும், ஆனால் அதே மார்க் வாங்கிய பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திங்கட்கிழமை நேரில் வரவும். பாடப் புத்தகத்துக்கு வெளியே இந்தப் பெண் என்ன செய்திருக்கிறாள் என்று, அவளை அறிந்தவர்கள் தங்கள் கையாலேயே எழுதித் தந்ததைக் கொண்டு வரவும்.

இந்த இடம் போனால் அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. இந்தத் தடவை கிடைத்தால் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று தாண்டவராயன் கறாராகச் சொல்லிவிட்டார்.

பதில் வந்த நாளிலிருந்து கோதண்டபாணிக்குத் தூக்கமில்லை. பார்சல் ஆபீஸ் மனிதன் அல்லவா? முத்திரையும் கையெழுத்தும் சரியாக இல்லாத மூட்டையை அவன் தராசிலேயே ஏற்ற மாட்டான். தங்கை விஷயத்தில் மட்டும் விட்டுவிடுவானா? லீவு போட்டான், சைக்கிளை எடுத்தான், ஆனி மாத வெயில் என்றுகூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டான். விழுப்புரம், மயிலம், அனந்தபுரம், திண்டிவனம் என்று சுற்றி ஏழு பெரிய மனிதர்களிடம் ஏழு நற்சான்றுக் கடிதம் வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுப்புரத்தில் தன் வீட்டுக் கட்டில்மேல் அவற்றை வரிசையாகப் பரப்பி, பெண்டாட்டியையும் ஊரிலிருந்து வந்திருந்த தங்கையையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தான்.

அரிசி மில் முதலாளி எழுதியிருந்தார்: இந்தப் பெண்ணின் தாத்தா கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த புண்ணியவான். ஓய்வுபெற்ற தாசில்தார் எழுதியிருந்தார்: இந்தக் குடும்பம் கிஸ்தி பாக்கி வைத்ததாக என் சர்வீஸில் நான் கண்டதில்லை. ஒரு வக்கீல் தாண்டவராயனின் நேர்மையைப் பற்றி இங்கிலீஷில் பொழிந்து தள்ளியிருந்தார். கூட்டுறவுச் சங்கத் தலைவர் கோதண்டபாணியையே புகழ்ந்திருந்தார். அதைப் படிக்கும்போது அவன் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான். அனந்தபுரத்து மிராசுதாருக்கு யாருக்காகக் கேட்கிறார்கள் என்பதே சரியாக விளங்கவில்லை போலிருக்கிறது. இவன் நல்லொழுக்கமுள்ள பையன், சுருட்டுப் பிடிக்க மாட்டான் என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

வீரம்மாள் கேப்பை மாவு சலித்துக்கொண்டே கேட்டாள். ஏழாவது கடிதம் முடிந்ததும் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் நல்லாத்தாங்க இருக்குது. இதுல வேணி எங்க இருக்கறா?"

"மேல பேரு இருக்குதே."

"பேரு இருக்குது. அவ எங்க?"

கோதண்டபாணி மறுபடியும் ஒவ்வொரு கடிதமாக எடுத்துப் பார்த்தான். தாத்தா இருந்தார், அப்பா இருந்தார், கோயில் மணி இருந்தது. மில் முதலாளி அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் அவர் தாத்தாவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பெண் என்றால் தாத்தாவோடு முடித்தும்விடுவார்கள். கோதண்டபாணி ஊர் வழக்கப்படிதான் போனான், அதுவும் வேகாத வெயிலில் போனான்.

கதவோரம் நின்ற கிருஷ்ணவேணி தான் எதிலும் பரிசு வாங்கவில்லை, ஓட்டப் பந்தயத்தில் ஓடவில்லை, பேச்சுப் போட்டியில் நின்றதில்லை, அண்ணன்மேல் தப்பு இல்லை என்று முனகினாள்.

"போன கோடையில பண்ணியே, அது இன்னா?" என்றாள் வீரம்மாள்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம் அது.

போன கோடையில் திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பெரியம்மை பரவியது. அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக்கொண்டு ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மை குத்துகிற, அதாவது தடுப்பூசி போடுகிற, ஹெல்த் இன்ஸ்பெக்டர் மாசிலாமணி தெருத்தெருவாக அலைந்தார். வேளைக்குச் சாப்பாடு இல்லை, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைத்தது. முஸ்லிம் தெருவில் பெண்கள் கோஷா. ஆண்பிள்ளை வாசல் தாண்டி வர முடியாது. ஆகவே அவர் கோடை லீவு விடுகிற சமயத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் போய் உதவி கேட்டார். கை தூக்கிய பெண்களில் பலர் மறுநாளே நின்றுவிட்டார்கள். வேணி மட்டும் பள்ளிக்கூடம் திறக்கும்வரை போனாள்.

திண்டிவனத்தோடு நின்றிருந்தால் வீட்டில் ஒன்றும் ஆகியிருக்காது. சொந்த ஊர்க் காலனிக்கும் போனாள். அதுவரை அம்மை குத்த வருகிறவர்கள் காலனி எல்லையில் நின்றுகொண்டு, வேண்டுமென்றால் வரிசையாக வாருங்கள் என்று கூப்பிடுவதுதான் வழக்கம். இவள் உள்ளே போய், குடிசைக்குள் உட்கார்ந்து, அந்தக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு ஊசி போடவைத்தாள். அது அனந்தபுரத்துச் சொந்தக்காரர்கள் காதுக்குப் போனது. ஒரு கல்யாண வீட்டில் தாண்டவராயன் நீட்டிய தண்ணீர்ச் சொம்பை அவருடைய பங்காளி வாங்காமல் திரும்பிக்கொண்டார்.

தாண்டவராயன் கெட்ட மனிதர் இல்லை. மகளை அடிக்கவும் இல்லை. ஆனால் அந்தச் சொம்பு அவர் மனசை அறுத்துவிட்டது. இந்தப் பேச்சை இனி எவரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், ஒரு வருஷமாக யாரும் எடுக்கவில்லை.

வீரம்மாள் எடுத்துவிட்டாள். எழுதச் சொல்வதென்றால் இதைத்தான் எழுதச் சொல்ல வேண்டும், வேறு எது இருக்கிறது என்று கேட்டாள். அப்பா ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வருவாரே, தெரிந்தால் மகளை வண்டியிலிருந்தே இறக்கிவிடுவாரே என்று கோதண்டபாணி பதறினான்.

"வரட்டுங்க. மாமாகிட்ட நானே சொல்றேன். நீங்க பொட்டியை எடுத்துக்கினு திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. நானும் வேணியும் இப்பவே பஸ்ஸுல போறோம்."

மாவுக் கையைக் கழுவிக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு, நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு கிளம்பியேவிட்டாள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கல்லூரி என்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அங்கே இந்தப் பெண் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

திண்டிவனத்தில் முதலில் மாசிலாமணி வீட்டுக்குப் போனார்கள். வேணியைப் பார்த்ததும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொல்லி, விஷயத்தைக் கேட்டதும் உடனே பேனாவை எடுத்தார். கோடை முழுக்க இந்தப் பெண் சம்பளமில்லாமல் உழைத்தாள், இவள் இல்லாவிட்டால் அந்தத் தெருக்களில் பாதிக் குழந்தைகளுக்கு அம்மை குத்தியிருக்க முடியாது என்று இங்கிலீஷில் சுருக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் முத்திரை கிடைக்காதே என்று வருத்தப்பட்டார்.

இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதக் கூடாதா என்று வீரம்மாள் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"நான் பார்த்தது கையை மட்டும்தாம்மா. கதவு இடுக்குல கொழந்தையோட கை வெளிய நீளும், நான் குத்துவேன். உள்ள இந்தப் பொண்ணு இன்னா பேசுச்சு, அவங்கள எப்படி சம்மதிக்க வெச்சுதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத எழுதினா அது பொய் சர்ட்டிபிகேட்டு. உள்ள இருந்தவங்களக் கேளுங்க. குல்சும் பீவியக் கேளுங்க."

நல்ல மனிதர். அதிகமாக ஒரு வரி எழுதச் சொல்லிக் கெஞ்சினாலும் எழுத மாட்டேன் என்கிறவர் எழுதின ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பை வீரம்மாள் அங்கேயே புரிந்துகொண்டாள். நன்றி சொல்லிவிட்டு முஸ்லிம் தெருவுக்கு நடந்தாள்.

குல்சும் பீவி கோட்டகுப்பத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் இப்ராஹிம் ஷாவுக்கு பஜாரில் சின்ன ஜவுளிக்கடை. கதவைத் திறந்து வேணியைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். புள்ள இளைச்சுப்போச்சே என்றாள். சாப்பிடாமல் ஒரு பேச்சும் கிடையாது என்று இருவருக்கும் இலை போட்டுவிட்டாள். சாப்பாடு ஆன பிறகுதான் வீரம்மாளால் வந்த காரியத்தைச் சொல்ல முடிந்தது.

எழுதித் தருகிறேன் என்று குல்சும் பீவி உடனே சொன்னாள். மடியில் ஏறாமல் இருக்கத் தன் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். யோசித்து யோசித்து, நிறுத்தி நிறுத்தி எழுதினாள். வீரம்மாள் எட்டிப் பார்த்தவள் திடுக்கிட்டாள். எழுத்து வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் ஓடியது.

அது அரபு எழுத்து. பேச்சு என்னவோ தமிழ்தான். கோட்டகுப்பத்தில் குல்சும் பீவியின் தாய் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு அரபு எழுத்தில் தமிழ் எழுதத்தான் கற்றுக் கொடுத்திருந்தார்கள். தாய்க்கு மகள் எழுதுவதும், அக்காளுக்குத் தங்கை எழுதுவதும் எல்லாம் அப்படித்தான். தமிழ் எழுத்து அவளுக்கு வராது.

சென்னையில் யார் இதைப் படிப்பார்கள் என்று வீரம்மாளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தானே கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றால் தன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், கல்லூரியில் சிரிப்பார்கள். வேணியே எழுதினால் தனக்குத்தானே சான்று கொடுத்துக்கொண்ட மாதிரி ஆகும். கையால் எழுதியதுதான் வேண்டும் என்று வேறு கேட்டிருக்கிறார்கள். அவள் தயங்கியதைப் பார்த்து குல்சும் பீவியே வழி சொன்னாள். தன் எழுத்தும் போகட்டும், அதன் தமிழ்ப் பிரதியும் கூடப் போகட்டும். வேணியின் அண்ணன் முத்து முத்தாக எழுதுவார் என்று வேணி சொல்லியிருக்கிறாளே. அவர் ஸ்டேஷனுக்கு வருகிறார் அல்லவா?

"நான் வந்து படிக்கிறேன். அவரு எழுதிக்கட்டும்."

வெயில் தாழ வெளியில் போகிற வழக்கமே இல்லாத குடும்பத்துப் பெண். மத்தியானம் சாப்பிட வந்த இப்ராஹிம் ஷாவிடம் அனுமதி கேட்டாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இந்தப் புள்ளைக்காக என்றால் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி, குதிரை வண்டிக்கு ஆள் அனுப்பினார்.

சாயங்காலம் வீரம்மாளும் வேணியும் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வந்தபோது கோதண்டபாணி டிரங்குப் பெட்டியோடு அங்கே நின்றிருந்தான். வீட்டில் இருப்புக் கொள்ளாமல், தெரிந்த ரயில் கார்டைப் பிடித்து கூட்ஸ் வண்டியிலேயே வந்துவிட்டானாம். தாண்டவராயனும் ஊரிலிருந்து வந்து பிளாட்பாரத்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு வறுத்த மல்லாட்டை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார்.

வீரம்மாள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். காலையிலிருந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் முகம் கறுத்துவிட்டது.

"அந்தப் பேச்சு வேணாம்னு சொன்னது ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சும் போனியா?"

"போனேன் மாமா. ஒங்க புள்ள வாங்கிக்கினு வந்த ஏழு காயிதத்துலயும் தாத்தா இருக்காரு, நீங்க இருக்கீங்க. நாளைக்கு அங்க போயி நிக்கப்போறது வேணி. அவளுக்குன்னு இது ஒண்ணுதான் இருக்குது."

அந்தக் காகிதம் போவதானால் மகள் போக வேண்டாம், மகள் போவதானால் அந்தக் காகிதம் இங்கேயே கிடக்கட்டும் என்று தாண்டவராயன் சொல்லிவிட்டார். அனந்தபுரத்துக்காரர்களுக்கு அவர் ஒரு தடவை பதில் சொன்னது போதுமாம். சென்னையிலும் எழுதிவைத்து அதைக் கல்வெட்டாக்க வேண்டுமா என்று கேட்டார். கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டான்.

காலையிலிருந்து அண்ணி பின்னாலேயே நடந்துகொண்டிருந்த கிருஷ்ணவேணி அப்போதுதான் பேசினாள்.

"அது இல்லாம போனா எனக்கு எடம் கெடைக்காதுப்பா. கெடைச்சாலும் அது தாத்தாவுக்குக் கெடைச்ச எடம்."

அவர் எழுந்து போய் அடுத்த பெஞ்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவ்வளவுதான், தை மாதக் கல்யாணம் நிச்சயம் என்றே நினைத்துவிட்டாள், பாவம்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே குதிரை வண்டி வந்து நின்றது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய குல்சும் பீவி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்ட புருஷனின் பின்னால் வந்து, பெண்கள் தங்கும் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். இத்தனை தூரம் வந்த ஒரு வீட்டுப் பெண்ணைக் காரியம் இல்லை, திரும்பிப் போ என்று சொல்ல தாண்டவராயனுக்கும் வாய் வரவில்லை. கோதண்டபாணி அப்பாவின் முதுகைப் பார்த்தான், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அறை வாசலுக்கு வெளியே டிரங்குப் பெட்டியைப் போட்டு, உள்ளே பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துப் பேனாவைத் திறந்தான்.

உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. நிதானமாகப் படித்தாள்.

"கோட்டகுப்பம் மொய்தீன் பிச்சை மக, திண்டிவனம் இப்ராஹிம் ஷா சம்சாரம் குல்சும் பீவி எழுதிக் கொடுக்கறது. எனக்கு மொதப் புள்ள அம்மையில போயிடுச்சு. போன கோடையில எங்க தெருவுல மறுபடி வந்துச்சு. ஊசி குத்த வந்தவரு ஆம்பளை. நான் கதவத் தொறக்கல. இந்தப் புள்ள வந்து தட்டுச்சு. அப்பவும் தொறக்கல. தொறக்க வேணாக்கா, நான் இங்கயே உக்காந்துக்கறேன்னு சொல்லிட்டு வெயில்ல உக்காந்துக்கிச்சு. உள்ள அழுவுற கொழந்தைக்கு இன்னா பேருன்னு கேட்டுச்சு. மறுநாளும் வந்துச்சு. ஊசியப் பத்திப் பேசவே இல்ல. பல்லு மொளைச்சுடுச்சா, சோறு துன்றானான்னுதான் கேட்டுச்சு. அப்புறம் ஒரு நாள் நானே கேட்டேன், குத்தினா நோவுமான்னு. நோவுங்க்கா, காச்சலும் வரும், நான் வந்து பாத்துக்கறேன்னு சொல்லிச்சு. நோவாதுன்னு சொல்லியிருந்தா நான் தொறந்திருக்க மாட்டேன்."

கோதண்டபாணியின் பேனா நின்றுவிட்டது. கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கும்படி கேட்டான். காதில் விழாததால் அவன் அப்படிக் கேட்கவில்லை என்பது வீரம்மாளுக்குத் தெரிந்தது. குல்சும் பீவி மறுபடி படித்தாள், அவன் எழுதினான்.

"சொன்ன மாதிரி காச்சல் வந்துச்சு. சொன்ன மாதிரி இந்தப் புள்ளயும் வந்துச்சு. துணி நனைச்சுப் போட்டுக்கினு பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. எங்க வூட்டப் பாத்துத்தான் தெரு பூரா கதவத் தொறந்தாங்க. இந்தப் புள்ள டாக்டருக்குப் படிக்கட்டும், வக்கீலுக்குப் படிக்கட்டும். எதுக்குப் படிச்சாலும் பொய் சொல்லாது. அதுக்கு நான் சாட்சி."

கோதண்டபாணி கீழே கோடு போட்டான். மூலமும் பிரதியும் ஒன்றே என்று எழுதி, தன் பெயரும் வேலையும் போட்டுக் கையெழுத்திட்டான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஏழு பெரிய மனிதர்களையும் எடுத்தான். டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கடைசியில் அவர்களைப் படுக்கவைத்தான். வாங்கிய வெயிலெல்லாம் வீணாகிவிட்டதே என்ற வருத்தம் அவன் முகத்தில் துளியும் இல்லை. நீ வெயிலில் உட்கார்ந்த கதையை எங்களிடம் சொல்லவே இல்லையே என்று மட்டும் தங்கையைக் கேட்டான். நீங்கள் யாரும் கேட்கவில்லையே அண்ணா என்றாள் அவள்.



சென்னை பாசஞ்சருக்கு மணி அடித்தார்கள். அடுத்த பெஞ்சியிலிருந்து தாண்டவராயன் எழுந்து வந்தார். வீரம்மாள் வேணியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கிழித்துப் போடப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் இப்ராஹிம் ஷாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகன் கையிலிருந்த தாளை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து முழுக்கப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நம்ம காலனிலேந்து யாரும் எழுதலியா?"

வீரம்மாள் வேணியின் கையை விட்டாள்.

"நீங்கதான் வேணாம்னீங்களேப்பா," என்றாள் வேணி.

"அங்கதான நெறைய புள்ளைங்களுக்குப் போட்டது?"

"அங்கதாம்ப்பா."

"அப்ப இது பாதிதான இருக்குது."

வண்டி வந்து நின்றது. ஜனங்கள் முட்டி மோதினார்கள். கோதண்டபாணி பெட்டியை ஏற்றினான், தங்கையை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தான். வீரம்மாள் புளிசாத மூட்டையையும் மல்லாட்டைப் பையையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். குல்சும் பீவி துப்பட்டிக்குள்ளிருந்து கை நீட்டி வேணியின் கன்னத்தைத் தடவினாள். மாசிலாமணியின் தாளும், அரபு எழுத்தும், அதன் பிரதியும் வேணியின் மடியில் இருந்தன.

தாண்டவராயன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"நீங்க போங்க. சின்னபொண்ணுகிட்ட எழுதி வாங்கிக்கினு நான் காலை வண்டியில வந்துடறேன்."

சின்னபொண்ணு அவர்கள் நிலத்தில் மல்லாட்டை பறிப்பவள். காலனிக்காரி. அங்கே முதலில் கதவைத் திறந்து வேணியை உள்ளே விட்டவள் அவள்தான். அவளுக்கு எழுதத் தெரியாதே அப்பா என்றாள் வேணி.

"அவ சொல்லட்டும். நான் எழுதறேன்."

வீரம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆனால் வேணிக்கு நம்பிக்கை வரவில்லை. காலனிக்கு ஆள் அனுப்பி சின்னபொண்ணைத் தன் வாசலுக்குக் கூப்பிடுகிற மனிதர் இவர். ஆயுசில் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. போவாரா? போனாலும் அவர்கள் வாய் திறப்பார்களா? ஊர் விடுமா? கல்லூரியில் கூப்பிடுவதற்குள் வந்து சேருவாரா?

கார்டு பச்சைக் கொடி காட்டினார். வண்டி அசைந்தது. தாண்டவராயன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார். எதையோ கேட்க வந்து, கேட்க முடியாமல் தடுமாறினார். வண்டி வேகமெடுத்த பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. அவர் நிலத்தில் சின்னபொண்ணு சிறுவயதிலிருந்தே வேலை செய்கிறாள்.

"சின்னபொண்ணு வூடு எதும்மா?"

கிருஷ்ணவேணி ஜன்னலுக்கு வெளியே எட்டி, கையை நீட்டி நீட்டி வழி சொன்னாள். இன்ஜின் கூவிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தின் கடைசியில் அப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நிற்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.